துன்பம் ஆசானா?

துன்பம் மனிதனை உயர்த்தும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கை. வைதிகர் அதனை முன்வினையென்று கூறி ஏற்கச் சொல்வர். பொருளுடையார் அதனை ஏழைகட்கு உபதேசமாக வழங்குவர். சீர்திருத்தம் பேசும் நாமோ வினையையும் விதியையும் மறுத்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே "கஷ்டப்பட்டவனே முன்னுக்கு வருவான்" என்று மேடையில் முழங்குகின்றோம். மூவரும் மூன்று வாயில்களாற் புகுந்து ஒரே கூடத்திற் சென்று அமர்கின்றனர்.

சென்ற மாதம் எங்கள் தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமா என்பது விஷயம். முதியவர் ஒருவர் எழுந்தார். அவர்பால் எனக்கு மிக்க மதிப்புண்டு. "எங்கள் காலத்தில் பஸ் ஏது? விடியுமுன் எழுந்து நடந்தோம். கெட்டா போய்விட்டோம்? கஷ்டம் தெரியாத பிள்ளை உருப்படாது. கிராணி தம்பி, நீங்களே சொல்லுங்கள்" என்றார். நான் மறுத்தொன்றும் கூறவில்லை. தலையசைத்தேன் என்பதே உண்மை. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீடு திரும்பியபின் அத்தலையசைப்பு என்னை உறுத்திற்று. அந்நாட்களில் நான் ஒரு பெண் விஞ்ஞானியின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அவ்வம்மையார் ஆராய்ந்தது பாக்டீரியா என்னும் மிகச் சிறிய உயிரை. ஆராய்ந்த பொருள் யாதெனில், உயிரின் அடிப்படைக்கே கேடு நேரும்போது அவ்வுயிர் என்ன செய்கிறது என்பது. எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்வி அந்த ஆராய்ச்சிசாலையில் வேறோர் உருவில் முன்னரே எழுந்திருந்தது.

எவலின் விட்கின் அம்மையார் 1921-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க் நகரிற் பிறந்தார்; 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமது 102-ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்க்கையின் திருப்பம் ஒரு பந்தாட்டத்தில் தொடங்கிற்று. 1940-ஆம் ஆண்டில் நியூயார்க் சர்வகலாசாலையின் கால்பந்துக் குழு மிசௌரி சர்வகலாசாலைக் குழுவுடன் ஆட இருந்தது. நியூயார்க் குழுவில் லியோனார்டு பேட்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் சிறந்த ஆட்டக்காரர். அக்காலத்தே தென்பகுதிச் சர்வகலாசாலைகள் கறுப்பினத்தாரோடு களமிறங்க மாட்டோம் எனச் சொல்லும். வடபகுதிச் சர்வகலாசாலைகள் ஓசையின்றித் தம் ஆட்டக்காரரை வீட்டில் விட்டுச் செல்லும். இதற்குக் 'கண்ணியவான்களின் ஒப்பந்தம்' என்று பெயர்! அவ்வாறே பேட்ஸும் விலக்கப்பட்டார். பேட்ஸ் ஆடவேண்டும் என்று மாணவர்கள் கிளர்ச்சி செய்தனர். கையொப்பம் திரட்டிய மாணவத் தலைவர் எழுவரை 1941-ஆம் ஆண்டில் சர்வகலாசாலை மூன்று மாதம் தள்ளிவைத்தது. எழுவருள் ஒருவர் எவலின்.

அவ்வாண்டு உரிய காலத்தில் அவர் பட்டம் பெறவில்லை. அக்டோபர் மாதத்திற்றான் பெற்றார். அதே சர்வகலாசாலையில் மேற்படிப்புத் தொடரும் எண்ணத்தை உதறிவிட்டுக் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்று, தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி என்னும் மரபியல் அறிஞரிடம் மாணவியானார். அவ்வழியே பாக்டீரியா ஆராய்ச்சியும் வந்தது, புகழும் வந்தது. அம்மையாரின் வரலாறு கூறுவோர் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, தண்டனையே வரமாயிற்று என்று எழுதுவது எளிது. நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அவர் செய்த ஆராய்ச்சியே அவ்வெண்ணத்தை என்னிடமிருந்து பறித்தது.

கொலம்பியாவுக்குச் சென்றபோது எவலின் ஒரு தவறான கொள்கையில் ஆர்வங்கொண்டிருந்தார். ருஷ்யாவில் லைசென்கோ என்பவர், சூழ்நிலையால் உயிரைப் பழக்கினால் அப்பழக்கம் அதன் சந்ததிக்கும் செல்லும் என்று கூறிவந்தார். விதைகளைக் குளிரில் வைத்துப் பழக்கினால் அவற்றின் வழித்தோன்றல்களும் குளிரைத் தாங்கும் என்பது போன்றது அவர் வாதம். சமுதாயம் மாறவேண்டும் என்று துடிக்கும் இளைஞர்க்கு இது தேனாக இனித்தது. சூழ்நிலையை மாற்றினால் உயிரின் மரபையே மாற்றலாம் அன்றோ? ஆனால் அஃது உண்மையன்று. அதனை எதிர்த்த நிக்கோலாய் வவிலோவ் என்னும் பேரறிஞர் 1943-ஆம் ஆண்டில் ருஷ்யச் சிறையில் மாண்டார். நமக்கு விருப்பமான முடிவைத் தருகின்றது என்பதற்காக ஒரு பொய்யை நேசிப்பது வைதிகர்க்கு மட்டுமே உரிய குற்றமன்று என்பதை நம்மனோர் நினைவிற்கொள்ளல் நன்று. லைசென்கோ சொன்னதும் எங்கள் முதியவர் சொன்னதும் அடிப்படையில் ஒன்றே: கடுமை பழக்கும், பழக்கம் வலிமையாகும்.

1943-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை எவலினை வேறு திசையில் இழுத்தது. எழுதியவர் இருவர். ஒருவர் இத்தாலியிலிருந்து வந்த லூரியா. மற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்த டெல்புருக். பாக்டீரியாவைக் கொல்லும் 'பேஜ்' என்னும் நச்சுயிரிகள் உண்டு. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை அந்நச்சுயிரிகளின் நடுவே விட்டால் ஏறத்தாழ எல்லாம் மாளும். ஒரு சில பிழைத்துப் பெருகும். அப்பிழைத்தவை எதிர்ப்பாற்றலை எப்போது பெற்றன? பகையைக் கண்டபின்னரா, காணுமுன்னரா?

அவர்கள் கண்ட வழி எளியது. எளிமையே அதன் அழகு. பல குழாய்களில் தனித்தனியே பாக்டீரியாக்களை வளர்த்து, பின்னர் ஒவ்வொன்றையும் நச்சுயிரியின்முன் வைத்தனர். பகையைக் கண்டபின் ஆற்றல் பிறக்குமாயின் எல்லாக் குழாய்களிலும் பிழைத்தவற்றின் தொகை ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். அவ்வாறன்றி வளர்ச்சிக்காலத்தில் தற்செயலாகத் தோன்றுமாயின், ஒரு குழாயில் அது முன்னதாகத் தோன்றிப் பெரிய குடும்பமாகப் பெருகியிருக்கும். மற்றொன்றில் தோன்றியே இராது. ஆய்ந்தபோது தொகைகள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டன. ஆற்றல் பகைக்கு முந்தியது என்பது தெளிவாயிற்று.

இதனைப் படித்த எவலின், 1944-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கிற்கு அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னும் ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்றார். பாக்டீரியாவை அதுவரை அவர் கையாண்டவரல்லர். ஈ. கோலி என்னும் பாக்டீரியாவின் 'பி' என்ற வகையின்மேல் புற ஊதாக் கதிரைச் செலுத்தினார். அளவு மிகுந்துவிட்டது. மறுநாள் தட்டுகளை நோக்கியபோது விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே உயிர்த்திருந்தன. வேறொருவராயின் சோதனை பாழ் என்று தட்டுகளைக் கழுவி வைத்திருப்பர். அவரோ, இவை ஏன் சாகவில்லை என்று வினவினார். அவற்றை வளர்த்து மீண்டும் கதிரின்முன் வைத்தார். அவற்றின் சந்ததி கதிரைத் தாங்கிற்று. 'பி/ஆர்' என்று பெயர்பெற்ற அவ்வகை இன்றளவும் ஆராய்ச்சிசாலைகளில் அறியப்பட்டது.

அவரும் லூரியா, டெல்புருக் இருவரது முறையைக் கையாண்டு பார்த்தார். கதிரையே ஒருபோதும் காணாத கூட்டங்களிலும் கதிரைத் தாங்கும் பாக்டீரியாக்கள் அரிதாகத் தோன்றிக்கொண்டேயிருந்தன. புற ஊதாக் கதிர் மரபில் திடீர்மாற்றங்களை உண்டாக்கும் என்பது மெய்யே. ஆயினும் எந்த மாற்றம் தேவை என்றறிந்து அது கொடுப்பதில்லை. கண்ட இடத்தில் வெட்டுகின்றது, அவ்வளவே. அந்தத் தட்டில் கதிர் பெரும்பாலும் செய்த வேலை ஒன்றுதான்: தாங்க இயலாதவற்றை அழித்து, தாங்க வல்லவற்றை நம் கண்ணுக்குக் காட்டிற்று.

பொன்னைப் புடமிடும் உவமையை இப்போது எண்ணிப் பாருங்கள். புடம் பொன்னைச் செய்வதில்லை. பொன்னல்லாததை எரிக்கின்றது. நாம் உவமையை வாங்கிக்கொண்டு அதன் பொருளைக் கடையிலேயே விட்டு வந்துவிட்டோம்.

நம் நாட்டிலும் இத்தகைய தட்டு ஒன்று உண்டு. 1942-ஆம் ஆண்டு முதல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம், பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டவர் எத்தனையோ ஆயிரவர். மீண்டு வந்தவரைச் சுட்டி, "சயாமுக்குப் போய்த் திரும்பியவர், இரும்பு மனிதர்" என்று தோட்டங்களிற் சொல்லுவர். போற்றுதல் தகும். ஆனால் சயாம் இரும்பு செய்தது என்று அதனாற் கொள்ளலாமா? செக்ரோல் எழுதும் என் போன்ற கிராணிக்கு இதில் ஐயம் எழக்கூடாது. பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வந்து நிற்பவனே குரல் கொடுக்கிறான். வராதவன் தான் வரவில்லை என்று சொல்வதில்லை. துன்பத்தைப் புகழ்வோர் எல்லாரும் குரல் கொடுத்தவரை மட்டும் எண்ணித் தொகை கூட்டுகின்றனர்.

பி/ஆர் வகையைப் பற்றிப் பிற்கால ஆராய்ச்சியால் வெளிப்பட்ட செய்தி ஒன்று இன்னும் வியப்பானது. மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. சிதைந்தால் பாக்டீரியா இரண்டாகப் பிரிவதை நிறுத்திக்கொள்கின்றது; அதற்கென்று ஒரு புரதம் முட்டுக்கட்டையாக வந்து நிற்கும். பழுது நீங்கியபின் மற்றொரு புரதம் அம்முட்டுக்கட்டையை அகற்றும். 'பி' வகைக்கு அகற்றும் அப்புரதம் இல்லை. எனவே பழுது நீங்கிய பின்னும் அது பிரிய மாட்டாமல் நூல்போல் நீண்டு நீண்டு மாள்கின்றது. பிழைத்த 'பி/ஆர்' வகையிலோ முட்டுக்கட்டையே கெட்டுப்போயிருந்தது. ஆகவே அதனை வலிமை என்பதைவிட, ஒரு குறைக்கு மற்றொரு குறை மருந்தாயிற்று என்பதே பொருந்தும். சயாமிலிருந்து மீண்ட சிலர் பின்னர் எந்தச் சாவுக்கும் அழுததில்லை என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையும் நாம் உறுதி என்றே அழைத்தோம்.

நிற்க. இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பலாம். அதனை மறைத்தல் நேர்மையன்று. தடையை எழுப்பியதும் விட்கின் அம்மையாரின் பிற்கால ஆராய்ச்சியே. 1967-ஆம் ஆண்டில் அவர் ஓர் ஊகத்தை வெளியிட்டார். கதிர் பட்ட பாக்டீரியா நூலாக நீள்வதும், அதனுள் உறங்கிக்கிடக்கும் பேஜ் நச்சுயிரி விழித்தெழுவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றினும், இரண்டையும் ஒரேவகைப் பூட்டு அடக்கி வைத்திருக்கக்கூடும், டி.என்.ஏ. சிதையும்போது அப்பூட்டுகள் திறக்கக்கூடும் என்பது அவ்வூகம். அடுத்த சில ஆண்டுகளில் மிரோஸ்லாவ் ராட்மன் என்னும் அறிஞர் இக்கருத்தை வளர்த்து, மூழ்கும் கப்பல் எழுப்பும் அபயக் குறியாகிய எஸ்.ஓ.எஸ். என்பதை அதற்குப் பெயராக வைத்தார். 1976-ஆம் ஆண்டில் அம்மையார் எழுதிய நீண்ட ஆய்வுரை இத்துறையையே நிலைநிறுத்திற்று.

அதன் செயல்முறை இது. லெக்ஸ்-ஏ என்னும் புரதம் நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கின்றது. டி.என்.ஏ. சிதைந்தால், ரெக்-ஏ என்னும் மற்றொரு புரதம் சிதைந்த இழையைப் பற்றிக்கொள்ளும். அந்நிலையில் லெக்ஸ்-ஏ தன்னைத் தானே அறுத்துக்கொள்ளத் தூண்டப்படும். பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். முதலில் எழுபவை பழுதைப் பிழையின்றி வெட்டியெடுத்து நல்ல இழையைப் பார்த்து நிரப்பும் கருவிகள். அவற்றால் ஆகாதபோதே, கடைசியாக, வேறொரு படியெடுக்கும் கருவி வருகின்றது. அதற்கு நுணுக்கம் போதாது. சிதைந்த எழுத்தின்மேல் ஏதோ ஓர் எழுத்தை எழுதிக் கடந்துபோகும். பெரும்பாலும் பிழையாகவே எழுதும். ஆயினும் உயிர் நிற்காமல் ஓடும். அப்பிழைகளே திடீர்மாற்றங்கள்.

ஆகவே சிலர் கேட்கலாம்: "பார்த்தீரா, கேடு வந்தபோதுதானே புதுமை பிறக்கின்றது? துன்பம் ஆசான் என்பது இதனால் உறுதியாகவில்லையா?" நானும் இவ்வினாவில் சில நாட்கள் தடுமாறினேன். பின்னர் அந்நாற்பது மரபணுக்களையே நோக்கினேன். அவற்றை அந்தக் கதிர் கொடுத்ததன்று. அமைதிக்காலத்தில், எண்ணற்ற தலைமுறைகளாக, ஒவ்வொரு பிரிவிலும் பிழையின்றிப் படியெடுத்துச் சந்ததிக்குக் கொடுத்து வைத்த சேமிப்பு அது. கேடு வந்த நாளில் கதவு திறந்தது, உள்ளே சரக்கு இருந்தது, பிழைத்தது. ரெக்-ஏ புரதம் இல்லாத பாக்டீரியாவை ஆராய்ச்சிசாலையில் வளர்க்கலாம். அதன்மேல் சிறிதளவு கதிர் பட்டாலும் மடிகின்றது. அது பட்ட துன்பம் குறைவோ? அதற்குத் துன்பம் என்ன கற்பித்தது? மேலும், கடைசியாக வரும் அப்பிழைக் கருவி எழுதும் மாற்றங்களுட் பெரும்பாலன வீண், பல கேடு. அதனாலன்றோ அக்கருவியை இறுதிவரை பூட்டி வைத்திருக்கின்றது அச்சிற்றுயிர்! நாமோ நம் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் அதையே முதற்கருவியாக்க விரும்புகின்றோம்.

இவ்வளவும் அறிந்தபின் அம்மையாரின் வாழ்வை மீண்டும் நோக்கினால் அது வேறாகத் தோன்றுகின்றது. மூன்று மாதத் தண்டனை அவருக்குக் கல்வி கொடுக்கவில்லை. அதற்கு முன்பே கல்வி இருந்தது. ஒரு கதவு அடைத்தபோது ஏற்றுக்கொள்ளக் கொலம்பியா இருந்தது, டாப்ஷான்ஸ்கி இருந்தார். பின்னர்த் தாயானபோது, வேலையை விட்டுவிட நினைத்தவரைக் கார்னகி நிறுவனம் பாதி நேரம் பணியாற்றலாம் என்று நிறுத்திக்கொண்டது. பல ஆண்டு அவ்வாறே பணியாற்றினார். தூக்கமிழந்து துன்புற்றதால் அறிஞரானார் என்று சொல்ல இடமில்லை; ஒருவர் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தார், அதனால் இழக்கப்படாதிருந்தார். 2015-ஆம் ஆண்டில், தமது 94-ஆம் வயதில், லாஸ்கர் பரிசை அவர் ஸ்டீபன் எலெட்ஜ் என்பாருடன் பகிர்ந்துகொண்டார். எலெட்ஜ் மனித உயிரணுக்களில் இத்தகைய பழுதறியும் ஏற்பாட்டை ஆராய்ந்தவர்.

லியோனார்டு பேட்ஸைப் பற்றியும் கேட்கவேண்டும். தண்டனை வரமாயிற்று என்போர் அவரை மறந்துவிடுகின்றனர். அவருக்கு விதிக்கப்பட்டதற்குத் தண்டனை என்ற பெயர்கூட இல்லை. ஏனெனில் அவர்மேல் குற்றமே இல்லை. எவலின் கொலம்பியாவுக்குச் சென்றதால் மரபியல் வளர்ந்தது என்பது மெய். அவ்வளர்ச்சியை மிசௌரி ஆட்டத்தின் கணக்கில் வரவு வைத்து, அநீதியை ஈடு செய்துவிட்டதாக எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவான்? நன்மை ஒருவர்க்கு விளைந்தது, இழப்பு மற்றொருவருடையது. 2001-ஆம் ஆண்டில், அறுபது ஆண்டு கழிந்தபின், அதே சர்வகலாசாலை அவ்வெழுவரையும் அழைத்து விருந்தளித்துப் பெருமைப்படுத்திற்று. நல்லதே. ஆயினும் 1940-ஆம் ஆண்டு ஆட்டம் மீண்டும் ஆடப்படவில்லை.

என்னைக் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் என்னைக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவன் என்பர். கூட்டத்தில் முதியவர் என்னை நோக்கிக் கேட்டதும் அதனாலேயே. நான் விடியுமுன் எழுந்தது உண்மை. லயத்து விளக்கில் படித்ததும் உண்மை. ஆனால் ஆறு ஆண்டுகளும் மாதந்தோறும் முதல் தேதியில் என் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, தாயார் கையில் பஸ் பணத்தைக் கொடுத்துச் சென்றார். தமது பிள்ளைகளுக்கு இல்லாததைக் கொடுத்தார். என்னோடு ஆறாம் வகுப்பு வரை ஒரே பலகையில் அமர்ந்தவன் ஒருவன் இருந்தான். கணக்கில் என்னை வென்றவன். அவனும் விடியுமுன் எழுந்தவனே. அவனுக்கு அத்தகைய மாமா இல்லை. இன்று செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் இருக்கிறான். ஒவ்வொரு மாதமும் அவன் பெயரை நானே செக்ரோலில் எழுதுகிறேன். மேடையில் என் வரலாறு சொல்லப்படுமே ஒழிய, அவன் வரலாறு சொல்லப்படுவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். முதியவரிடம் முன்னதாகவே சென்று, "ஐயா, அன்று நான் தலையசைத்தது தவறு" என்று சொல்லிவிட எண்ணியுள்ளேன். அவர் மனம் நோகக்கூடும். அவர் நடந்த தொலைவை நான் குறைத்துப் பேசவில்லை என்பதையும், அவரோடு நடக்கத் தொடங்கிப் பாதியில் நின்றவர் எத்தனை பேர் என்று கேட்க விரும்புகிறேன் என்பதையும் அவரிடம் சொல்வேன். அப்பெயர்கள் அவர்க்கு நினைவிருக்கும்.